நான் காப்பாற்றிய குதிரைக் கள்ளன்

போன மாதம் பழைய வேலையிடத்திலிருந்து நிரோஷா தொலைபேசி எடுத்தாள். இப்போது அங்கே என் கதிரையில் இருப்பவள் அவள்தான். வெள்ளிக்கிழமைப் படக்காட்சியை நிறுத்தப் போகிறார்களாம். இனி ஆளுக்கொரு ரப்லெற். அவரவர் விரும்பிய படத்தை அவரவர் கட்டிலில் இருந்து பார்க்கலாம். கடைசிக் காட்சிக்கு முன் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். "அண்ணை, நீங்கள் இருந்த காலத்திலை என்னெண்டு நடத்தினனீங்கள் எண்டு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. பகிடியா எழுதுங்கோ" என்றாள்.

பகிடியாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். எல்லோரும் சிரித்தார்களாம். அதில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னுடைய பயத்தை மட்டும் உள்ளபடி விட்டிருக்கிறேன், அதற்கு எந்தப் பெயரும் பொருந்தும்.

இருபத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அதற்கு முன் கோப்பை கழுவினேன், கோப்பிக் கடையில் நின்றேன், ஆறு மாதம் ஏதோ படித்துச் சான்றிதழ் எடுத்தேன். அவ்வளவுதான் தகுதி. பொழுதுபோக்குப் பிரிவு என்று எங்களுக்குப் பெயர். பிங்கோ, பாட்டு, பிறந்தநாள், படம். "இவர் சம்பளத்துக்கு பலூன் ஊதுறார்" என்றுதான் என் மனைவி சொந்தக்காரருக்கு விளக்கம் சொல்லுவாள். ஐம்பத்தேழு வயதில் முதுகுத்தண்டு என்னிடம் கேட்காமலே ஓய்வு எடுத்துக்கொண்டது. அதன் பின்னால் நானும் போக வேண்டியதாயிற்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நெருப்பு மணி அடித்தது. மற்ற ஊழியர்கள் எல்லாம் அறை அறையாக ஓடிக் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தபோது நான் வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். கையில் பிங்கோ இலக்கப் பெட்டி. அதை எப்போது தூக்கினேன், எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. வெறும் ஒத்திகை மணிதான். மேலாளர் குளோரியா வெளியே வந்து என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டிக்கு மூச்சுத் திணறல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். சிரிக்கவில்லை. உள்ளே ஆட்களும் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

குளோரியா ட்ரினிடாட்காரி. ஆறடி உயரம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மிகக் கோபம் என்றால் பேனா மூடியைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மூடிக்கு முன்னால் இருந்து என்னென்ன குற்றங்களையோ ஒப்புக்கொண்டிருக்கிறேன், செய்யாததையும் சேர்த்து. எது நடந்தாலும் அவருக்கு மூன்று கட்டங்களில் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன கண்டாய், என்ன கேட்டாய், என்ன செய்தாய். நினைக்கிறேன் என்ற சொல் எங்காவது வந்தால் தாளைத் திருப்பித் தருவார்.

வெள்ளிக்கிழமைப் படமும் அவர் போட்ட சட்டப்படிதான் நடந்தது. இரண்டு மணிக்குத் தொடக்கம். திரைகளை இறக்க வேண்டும், ஆனால் ஒரு யன்னலில் ஒரு சாண் வெளிச்சம் விட வேண்டும். முழுதாக இருட்டினால் சிலர் இரவு வந்துவிட்டது என்று எழும்பிப் படுக்கப் போய்விடுவார்கள். அடிக்கடி கழிவறைக்குப் போகிறவர்கள் கதவருகில். வீல்செயார்களுக்கிடையே ஒரு நேர்ஸ் போகிற அகலம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாள் இருந்தது. காட்டப் போகிற படத்தை ஊழியர் ஒருவர் முதல் நாளே தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்து, அதில் தீ, நாய், அழுகிற குழந்தை, தூக்குக் கயிறு இப்படி ஒரு பட்டியலில் எது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். இருக்கிறவர்களில் யார் எந்த யுத்தத்திலிருந்து வந்தவர்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்பார் குளோரியா.

பெரும்பாலும் கௌபோய் படங்கள்தான். இல்லத்தின் பழைய ஆட்கள், ஸ்கொட்லாந்துக்காரரும் போர்த்துக்கீசரும், அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள். புழுதி பறக்கிற ஒரு சின்னப் பட்டணம், ஒரு மதுச்சாலை, ஒரு சிறைக்கூடம். சட்டம் எழுதின புத்தகம் கிழக்கே எங்கோ இருக்கிறது, துவக்கு மட்டும் எல்லோர் இடுப்பிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஷெரீப். எல்லாப் படமும் இதுதான்.

பிறகு எங்கள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆறேழு பேர் சேர்ந்ததும் மூன்றாவது வரிசை தமிழ் வரிசை ஆயிற்று. அவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது. நான் பின்னால் இருந்து சின்ன மைக்கில் தாழ்ந்த குரலில் கதையைத் தமிழில் சொல்லுவேன். அவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பார்கள். சும்மா சொல்லுவேனா? மதுச்சாலையைத் தவறணை ஆக்கினேன். ஷெரீப் என்றால் யாருக்கு விளங்கும், ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் என்று வைத்தேன். கெட்டவனுக்கு என் மைத்துனரின் பெயர். வெள்ளைக்காரர் அழுகிற இடத்தில் எங்கள் வரிசை சிரிக்கும்.

அருளப்பு அங்கிள் அந்த வரிசைக்கு வந்தபோது எண்பத்தெட்டு வயது. தீவுப் பக்கம் ஒரு ஊர். கண் நோயால் பார்வை முழுதாகப் போய்விட்டது. மகள் றெஜினா அஜக்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் குழம்பு கொண்டு வருவாள். முதல் நாள் என் கதையைக் கேட்டுவிட்டு, "விதானைக்குத் துவக்கோ தம்பி? எங்களுக்கு உந்த அரசாங்கம் தந்தது ஒரு முத்திரையும் ஒரு மைப்பெட்டியும்" என்றார். ஊரில் பத்தொன்பது வருடம் விதானையாராக இருந்தவராம். அன்று முதல் ஷெரீப் வாயைத் திறக்கிற இடமெல்லாம் எனக்குத் திருத்தம் சொல்லுவார். விதானை அப்படிக் கதைக்க மாட்டான், முதலில் அடையாள அட்டையைக் கேட்பான் என்பார்.

அவருக்குப் பக்கத்தில் பரமேஸ்வரி அன்ரி. சுன்னாகத்தில் ஆசிரியையாக இருந்தவர். கண் நன்றாகத் தெரியும், காதுக்குள் உரத்துச் சொன்னால்தான் கேட்கும். கருவி மாட்டினால் தலை இடிக்கிறது என்று படத்தைப் பார்த்துத் தானே கதை கட்டிக்கொள்ளுவார். ஒருவருக்குக் காது, ஒருவருக்குக் கண். இருவருக்கும் படம் போடுகிறவன் நான்.

ஒரு மார்ச் மாதத்து வியாழக்கிழமை, அடுத்த நாள் படத்தை இருபது நிமிடம் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு குதிரை களவு போகிறது, ஷெரீப் ஊரில் இல்லை, ஆற்றுக்கு அப்பால் போயிருக்கிறார். அந்த இடத்தில் என் மகளின் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. திரும்பி வந்து மிச்சம் பார்த்தேனா? இல்லை. எல்லாக் கட்டங்களிலும் இல்லை, இல்லை, இல்லை என்று அடித்துக் கையெழுத்து வைத்தேன். குதிரைக் களவில் என்ன வந்துவிடப் போகிறது?

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் போனதும் எனக்கு வியர்க்கத் தொடங்கியது. பட்டணத்து ஆட்கள் கூடி, குதிரையை எடுத்தவன் என்று ஓர் ஏழைக் கமக்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை இல்லை. எடுத்தாயா இல்லையா என்று கேட்கவும் ஆள் இல்லை. தெருமுனையில் ஒரு மரக்கம்பம். அவனைக் கட்டினார்கள். எடுக்கவில்லை என்று அவன் சொல்லச் சொல்ல ஒருவன் பலகையில் அவன் குற்றத்தை எழுதிக் கழுத்தில் மாட்டினான். அவனுடைய மனைவி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

தமிழ் வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. எண்பதுகளில் எங்கள் ஊர்களில் இருந்த யாருக்கும் அந்தக் கம்பத்தையும் அந்தப் பலகையையும் நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பமும் மட்டையும் என்று மாற்றினால் அது இயக்கப் பெடியள் ஆட்களைக் கட்டிச் சுட்ட எங்கள் சந்தி. திரையில் ஷெரீப் குதிரையில் ஓடி வருகிறார், கம்பத்தைக் காட்டுகிறார்கள், குதிரையைக் காட்டுகிறார்கள். எனக்கு முடிவு தெரியாது. இயந்திரத்தை நிறுத்தினால் முன்வரிசை கத்தும், குளோரியா வருவார், தாளைக் கேட்பார். மைக்கில் என் மூச்சு கேட்கிறது.

அப்போது தூக்கில் போட்டுவிட்டார்கள். ஷெரீப் வந்து சேர்ந்தபோது கம்பத்தடியில் அவனுடைய நிழல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் மைக்கில் சொன்னேன், "விதானையார் வந்திட்டார். நேரத்துக்கு வந்திட்டார். கயித்தை அவிட்டு விடுறாங்கள்." அதோடு நிற்கவில்லை. கூட்டம் மன்னிப்புக் கேட்கிறது, மனைவி விதானையாரின் கையைப் பிடித்து அழுகிறாள் என்று இல்லாத படம் ஒன்றை இரண்டு நிமிடம் ஓட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் பொய் சொன்னதில்லை. அருளப்பு அங்கிள் காதுக் கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி இருந்தார்.

தேத்தண்ணி நேரத்தில் வினை தொடங்கியது. வரிசையில் மற்றவர்கள் கண்டதை அதற்குள் மறந்துவிடுகிற ஆட்கள், இவர்கள் இருவரும் அப்படியில்லை. பாவம், தூக்கிப் போட்டாங்கள் என்றார் அன்ரி. இல்லை, விதானை வந்து காப்பாற்றினான் என்றார் அங்கிள், உரத்து. உமக்குக் கண் தெரியாது என்றார் இவர். உமக்குக் காது கேளாது என்றார் அவர். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் செய்த வேலையைச் சொல்ல இன்றைக்கும் கூச்சம். அன்ரியின் காதருகில் குனிந்து உரத்து, "அன்ரி, நீங்கள் கொஞ்சம் கண்ணயர்ந்திட்டியள்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நித்திரை கொண்டனானோ" என்று தனக்குள்ளே கேட்டார்.

அங்கிள் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை றெஜினா கொண்டுவந்த குழம்பையும் வேண்டாம் என்றார். நாடி பார்த்தார்கள், தொண்டை பார்த்தார்கள், மருந்தை மாற்றினார்கள். ஒன்றும் பிழை இல்லை, வாயைத் திறக்கிறார் இல்லை. புதன்கிழமை றெஜினா நடைபாதையில் நின்று, அடுத்தது சாப்பாட்டுக்குக் குழாய் போட வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "அண்ணை, அப்பா உங்கடை கதைக்குச் சிரிக்கிறவர். நீங்கள் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்றாள்.

போனேன். கையில் யோகட்டும் கரண்டியும், வாயில் இரண்டு பகிடியும் தயாராக இருந்தன. முதல் பகிடியைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார்.

ஊரில் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் ஒன்று களவு போனது. பெடியள் ஒருவனைப் பிடித்துச் சந்தி மின்கம்பத்தில் கட்டினார்கள். காலை எட்டு மணி இருக்கும். அவனுடைய மனைவி விதானையாரின் வாசலுக்கு ஓடி வந்தாள். நீங்கள் வந்து ஒரு சொல் சொல்லுங்கோ, உங்கடை சொல்லைக் கேட்பாங்கள் என்று நிலத்தில் விழுந்தாள். சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன், நீ முன்னுக்குப் போ என்றார் இவர். உள்ளே போய்ச் சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தான் பூட்டினார். ஒன்று மாறிப் பூட்டிவிட்டேன் என்று எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினார். அது சரியாக இருந்தது. இருந்தும் மறுபடி கழற்றினார். மூன்றாவது முறை பூட்டிக்கொண்டு நின்றபோது வெடி கேட்டது.

"உன்ரை படத்திலை அவன் வெயிலுக்குள்ளை பத்து மைல் வந்தான் தம்பி. என்ரை வீட்டிலையிருந்து சந்திக்கு நூறு யார் இல்லை" என்றார். "ஆரும் வந்திருக்கேலாது எண்டுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தனான். அவன் வந்து சேர்ந்திட்டான் தானே?"

நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி கொண்டு வாறன் அங்கிள் என்று சொல்லிவிட்டுத் துவாய் அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நல்லது செய்கிறேன் என்று ஒரு கள்ளனைக் காப்பாற்றி, அந்தக் கயிற்றை இவர் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறேன். உண்மைப் படத்தில் பிந்தி வந்த ஒரு விதானை இவருக்குத் துணைக்கு இருந்திருப்பான். நான் அவனையும் பறித்துவிட்டேன். துவாய்களுக்கு நடுவில் நின்று வேலை போய்விடும், வீட்டுக் கடன் இருக்கிறது, மனைவிக்கு என்ன சொல்வது என்றுதான் என் புத்தி ஓடியது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

பிறகு குளோரியாவிடம் போனேன். தாளை எடுத்து மேசையில் வைத்தேன், எல்லாக் கட்டத்திலும் இல்லை என்று என் கையெழுத்தோடு. முழுவதையும் சொன்னேன். பேனா மூடி நிமிர்ந்து நின்றது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அவர் சாப்பிடுவாரா? தெரியாது என்றேன். அது சரியான பதில் என்றார். முதலில் அவரிடம் போய்ச் சொல், பிறகு எனக்கு எழுதித் தா, என் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வரும் என்றார். வந்தது. எச்சரிக்கைக் கடிதம், மூன்று நாள் சம்பளம் வெட்டு. நியாயமான கடிதம்.

அங்கிளிடம் சொன்னேன். பரமேஸ்வரி அன்ரியிடம் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசித்துவிட்டு, "எனக்கு அறளை பேர்ந்திட்டுதாக்கும், நினைவு தப்பிப்போச்சாக்கும் எண்டு அஞ்சு நாளாப் பயந்து செத்தன்" என்றார். அங்கிள் மட்டும் நம்பவில்லை. "நான் சாப்பிட வேணும் எண்டதுக்காக இப்ப இதை மாத்திச் சொல்லுறாய்" என்றார். படத்தைத் திரும்பப் போட்டுச் சொல்லு என்றார்.

வியாழக்கிழமை காலை சின்ன அறையில் படத்தைப் போட்டேன். அங்கிளும் நானும் மட்டும் என்றுதான் ஏற்பாடு. அன்ரி தானே வீல்செயாரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "நான் பாத்துக்கொண்டிருக்கிறன். உவன் திரும்பப் பொய் சொன்னால் உமக்குச் சொல்லுறன்" என்று அங்கிளின் கையில் தன் கையை வைத்தார். அன்ரிக்கு விளங்கட்டும் என்று நான் சொல்லப் போவதையெல்லாம் முதலே தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

அன்று தவறணை இல்லை, மைத்துனர் இல்லை. கண்டதைச் சொன்னேன். மைக் தேவைப்படவில்லை. கட்டினார்கள் என்றேன். பலகை என்றேன். தூக்கினார்கள் என்றேன். அங்கிளின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அவன் பிந்தியோ?"

"பிந்தித்தான் அங்கிள்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். ஆறு நாளில் முதல் தடவையாக அவருடைய தோள் இறங்கியதைக் கண்டேன். முடிந்தது, தப்பினோம் என்று நான் யோகட் மூடியைக் கிழிக்கப் போனேன். அவசரக்குடுக்கை.

"பிறகு அவன் என்ன செய்தவன்?" என்றார்.

திரையைப் பார்த்துச் சொன்னேன். அவன் கயிற்றை வெட்டுகிறான். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. உடலைத் தானே தூக்கித் தன் குதிரையில் கிடத்துகிறான். தான் ஏறவில்லை, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறான். அந்த மனைவியின் வாசலில் இறக்கி வைக்கிறான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான்.

"அவள் என்ன சொல்லுறாள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கதவைத் திறந்து விடுறா."

அவர் அன்ரியின் கையை ஆட்டினார். அன்ரி தாளைப் பார்த்து, திரையைப் பார்த்து, ஓம் என்றார்.

"நான் அதுவும் செய்யேல்லை" என்றார் அங்கிள்.

மிகவும் மெதுவாகச் சொன்னார். அன்ரி உதட்டைப் பார்த்துவிட்டு, என்ன சொல்லுறார் என்று என்னைக் கேட்டார். நான் பேனாவைத் தேடினேன். அதற்குள் அங்கிள் குரல் வந்த பக்கம் திரும்பி, கையால் தடவி அவருடைய காதைக் கண்டுபிடித்து, அதில் வாயை வைத்து உரத்துச் சொன்னார். "நான் அதுவும் செய்யேல்லை. பின்னேரம் வரைக்கும் அவன் கம்பத்திலையே கிடந்தவன். நான் கதவைத் திறக்கேல்லை." நடைபாதையில் போன நேர்ஸ் நின்று எட்டிப் பார்த்தாள். தமிழ் தெரியாதவள், சண்டை என்று நினைத்திருப்பாள்.

அன்ரி ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு என் கையிலிருந்த யோகட்டை வாங்கி அங்கிளின் மடியில் வைத்தார். "சாப்பிடும்" என்றார். "சாப்பிடாமல் விட்டால் மட்டும் அந்தாள் எழும்பி வரப்போறாரோ."

இரண்டு கரண்டி சாப்பிட்டார். அடுத்த நாள் நான்கு. குழாய் போடவில்லை. ஆனால் அதன் பிறகு வெள்ளிக்கிழமைப் படத்துக்கு அவர் வரவில்லை. நானும் தமிழில் பகிடி சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். அதே வருடம் மார்கழியில் சளிக் காய்ச்சல் வந்து, நான்கே நாளில் போய்விட்டார்.

சாமான் எடுக்க றெஜினா வந்தாள். உடுப்புகளைப் பையில் அடுக்கி முடித்துவிட்டு, கட்டிலில் இருந்தபடி கேட்டாள். "அப்பா உங்களோடைதான் கூடக் கதைச்சவர் அண்ணை. ஊரைப் பற்றி ஏதும் சொன்னவரே?"

எனக்குள் வழமையான ஓட்டம் தொடங்கியது. ஒரு நல்ல பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. மீனைப் பற்றி, பெருநாளைப் பற்றி, உங்களைப் பற்றிப் பெருமையாக என்று. விழுங்கினேன். "சொன்னவர். நீங்கள் கேட்டால் சொல்லுறன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பையின் சிப்பை இழுத்து மூடினாள். பையைத் தூக்கித் தோளில் போட்டாள். கதவு வரை போய் நின்றாள்.

"வேண்டாம் அண்ணை. எனக்கு அப்ப ஒன்பது வயது. அவர் சேட்டைக் கழட்டிக் கழட்டிப் போட்டதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான்." பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "கம்பத்திலை செத்த அந்தாளின்ரை மகள் என்னோடை ஒரே வகுப்பு. இப்ப விட்பியிலை இருக்கிறாள். கடையிலை காணுற நேரமெல்லாம் அப்பா சுகமோ எண்டு கேப்பாள்" என்றாள்.

"நேற்று அறிவிச்சனான்" என்றாள். "செத்தவீட்டுக்கு வாறாளாம்."